தாமதமாக வந்தால் தானமாகிவிடுமா?

ஈபே போன்ற அமெரிக்க இணையச் சந்தைகளில் பொருள் வாங்குவோரிடையே, விலையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பின்னர் வந்து சேரும் பொருள் வாங்கியவருக்கே இலவசமாக உரியது என்னும் நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. கிறிஸ்துமஸ் நெரிசலில் சிக்கிய பொதிகள் ஜனவரியில் வாசலுக்கு வரத் தொடங்கியதும், பணமும் கைக்கு வந்து பொருளும் வீட்டுக்கு வந்துவிட்ட நிலையில் விற்றவருக்கு ஏதேனும் தர வேண்டுமா என்று கேட்போரும், தர வேண்டியதில்லை, சட்டப்படி அது அன்பளிப்பு என்று நீதிபதியின் தோரணையில் விடையளிப்போரும் ஆண்டுதோறும் தவறாமல் முளைக்கிறார்கள். இவர்கள் துணைக்கு அழைக்கும் சட்டத்தை இவர்களே ஒருமுறை படித்திருந்தால், அந்த அழைப்பை விடுத்திருக்கமாட்டார்கள்.

அச்சட்டம் அமெரிக்க நாடாளுமன்றம் 1970-இல் இயற்றிய அஞ்சல் மறுசீரமைப்புச் சட்டத்தின் ஒரு கூறு ஆகும். யாரும் கேளாத சரக்கை வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, பிறகு விலைப்பட்டியலை நீட்டிப் பணம் கறந்த வணிகர்களை ஒடுக்கும் பொருட்டு, பெறுபவரின் முன்கோரிக்கையோ இசைவோ இன்றி அஞ்சலில் வரும் சரக்கை அவர் அன்பளிப்பாகக் கொள்ளலாம் என்று அது விதித்தது. இணையச் சந்தையில் பொருளைத் தேடி, தெரிந்தெடுத்து, முகவரி எழுதி, பணம் செலுத்தி, அது வரவில்லை என்று முறையீடும் செய்த ஒருவர், அதே பொருள் வந்து சேர்ந்த கணத்தில் அதைத் தாம் கேட்கவேயில்லை என்று சொல்வதற்கு அசாத்தியமான துணிச்சல் வேண்டும். ஏனெனில் அவர் கேட்டார் என்பதற்கு அவருடைய முறையீட்டைவிடச் சிறந்த சான்று வேறெதுவும் இல்லை.

பிறர் தவறாலோ தற்செயலாலோ கைக்கு வந்த மிகையை வைத்துக்கொள்ள இயலாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் வழக்கு ஒன்றே போதுமானது. 2021 மே மாதத்தில் கிரிப்டோ.காம் என்னும் மெய்நிகர் நாணய நிறுவனம், வாடிக்கையாளர் ஒருவருக்கு 100 ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தரவேண்டிய இடத்தில், தொகைக்குரிய கட்டத்தில் கணக்கு எண் பதியப்பட்டதால், ஒரு கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை அனுப்பிவிட்டு ஏழு மாதங்கள் அதை உணராமலேயே இருந்தது. அப்பணத்தில் வீடு வாங்கப்பட்டது. 2022-இல் விக்டோரிய மாநில உச்ச நீதிமன்றம் அவ்வீட்டை விற்றுப் பணத்தைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. ஏழு மாதம் ஆகிவிட்டதே, இனி அது அன்பளிப்புதானே என்று அங்கு எவரும் வாதிட்டு வெற்றி பெறவில்லை. பெருநிறுவனத்தின் கோடி டாலர் தவறிப்போனால் உலகமே அதைத் திருட்டுக்கு ஒப்பாகக் கருதும்போது, பழம்புத்தகம் விற்கும் ஒருவரின் இருபது டாலர் மட்டும் கொடையாக மாறும் மாயம் எந்த நீதிநூலில் எழுதப்பட்டிருக்கிறது? மெல்போர்ன் வாடிக்கையாளருக்கும் இந்த ஜனவரி வாடிக்கையாளருக்கும் இடையிலுள்ள வேறுபாடு தொகையில்தான் உள்ளது. முன்னவரையாவது ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் தேடிச் சென்றார்கள்.

விற்பனையாளர் பாதுகாப்பு, அதாவது பொருளை முறையாக அனுப்பியவர் மீது இழப்பு சுமத்தப்படாமல் காக்கும் விதித்தொகுப்பு, இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். பொருள் வரவில்லை என்று வாங்கியவர் ஈபேயில் முறையிட்டால், அதைத் தீர்த்துவைக்க விற்றவருக்குக் கிடைப்பது மூன்று அலுவல் நாட்கள். பொதி எங்கே செல்கிறது என்பதைக் காட்டும் தடமறி எண் 'சேர்ப்பிக்கப்பட்டது' என்று காட்டினாலன்றி அவருடைய வாதம் எடுபடாது. 750 டாலரும் அதற்கு மேலுமுள்ள பொருளுக்குப் பெற்றவரின் கையொப்பமும் தேவை. முறையீடு அவருக்கு எதிராக முடிந்தால், மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள் உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்க அஞ்சல் துறையின் பிரிப்பகங்களில் பொதிகள் மலையாகக் குவிந்து வாரக்கணக்கில் நகராமல் கிடந்தபோது, அந்த 30 நாட்களுக்குப் பொருள் என்ன என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். 31-ஆம் நாள் பொதி சேர்ந்துவிட்டதாகத் தடமறி எண் காட்டினால், அந்தச் செய்தி விற்றவரின் அறிவை வளர்க்குமேயன்றிப் பணப்பையை நிரப்பாது. 2015-இல் ஈபேயிலிருந்து பிரிந்த பணம் செலுத்தும் சேவையான பேபாலோ வாங்கியவருக்கு முறையிட 180 நாட்களைத் தாராளமாக வழங்குகிறது. இவ்வளவும் போதாதென்று அஞ்சல் துறை 2021 அக்டோபரில் முதல்வகுப்புக் கடிதங்களுக்கான உச்ச கால அளவை மூன்று நாட்களிலிருந்து ஐந்தாக நீட்டியது. கடித உறையில் அஞ்சல்தலை அனுப்பிப் பிழைப்பவருக்கு அரசும் தன் பங்கைச் செலுத்திவிட்டது.

தாமதமாக வந்த பொருள் அன்பளிப்பே என்னும் நம்பிக்கைக்கு நீர் ஊற்றியவை பெருநிறுவனங்களே. திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையை மிஞ்சும்போது, விலையைத் தந்துவிட்டுப் பொருளையும் வைத்துக்கொள்ளுமாறு அமேசானும் வால்மார்ட்டும் சொல்வது வெறும் கணக்கே தவிர வள்ளன்மை அன்று. அக்கணக்கைப் பார்த்துப் பழகிய கைதான், விற்பனைத் தொகையில் பெரும்பாலான பிரிவுகளில் 13 சதவீதத்துக்கும் மேல் ஈபேக்குக் கட்டணம் அழும் தனிமனிதரிடமும் அதே வள்ளன்மையை உரிமையாக எதிர்பார்க்கிறது. விற்றவர் தாமாக விட்டுக்கொடுத்தால் அது கொடை. அவரைக் கேளாமலே எடுத்துக்கொண்டதற்கு அப்பெயர் பொருந்தாது என்பதை மெல்போர்ன் வழக்கு ஒரு வீட்டை விற்கவைத்தே உணர்த்தியிருக்கிறது.

விற்றவர் கேட்டுப் பார்க்கலாமே என்பர். கேட்கலாம்; ஆனால் மிகப் பணிவாகக் கேட்கவேண்டும். வாங்குபவரும் விற்பவரும் ஒருவர் நடத்தையை மற்றவர் மதிப்பிட்டுப் பதியும் முறை ஈபேயில் தொடக்க காலத்திலிருந்தே இருந்தது; விற்பவர் வாங்குபவரைப் பற்றி எதிர்மறையாகப் பதியும் உரிமை 2008-இல் பறிக்கப்பட்டது. பொருளையும் விலையையும் ஒருசேர வைத்துக்கொண்டவர், பொதி தாமதமாக வந்ததென்று விற்றவரைக் குறைகூறிப் பதிய இன்றும் தடையில்லை. அவரைப் பற்றி விற்றவர் பதிய அனுமதிக்கப்பட்டிருப்பதோ பாராட்டு மட்டுமே.