சி.டி.யில் ஒன்றுமில்லை என்றால் போதாது: நிர்வாகக் குழுவின் நிலைப்பாடு

மாசி மகத்துக்கு முந்திய கூட்டத்தில் ஸ்கேன் பற்றி நடந்த விவாதத்தை உறுப்பினர்கள் அறிவீர்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடித்து விருத்தாசலம் திரும்பியவர்களுக்கு எப்போது, எந்த மூளை ஸ்கேன் என்ற கேள்வியில் குழு எட்டிய முடிவு இது.

எல்லோருக்கும் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. என்ற தீர்மானத்தை இப்போதைக்கு ஏற்க இயலவில்லை. அறிகுறி இல்லாதவருக்கு அது வீண் செலவு என்பது பெரும்பான்மைக் கருத்து, இருவர் உடன்படவில்லை.

அறிகுறி வந்துவிட்டால் பேச்சே வேறு. மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கத் தரும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் சாப்பிடுபவருக்குக் கடும் தலைவலி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு வந்தால் மருந்தையும் சந்தேகிக்க வேண்டும். இம்மருந்துகள் ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும், பி.பி.யை ஏற்றும், நீர் கசிந்து, பெரும்பாலும் மூளையின் பின்பகுதி வீங்கும். பார்வைக்கான இடம் அதுதான். 1996-இலேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட இந்நிலையை ‘பிரெஸ்’ என்பார்கள். தொடக்கத்தில் சி.டி.யில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ.யின் ஃபிளேர் படத்தில் வெள்ளையாகத் தெரியும். வீக்கமா பக்கவாதமா என்பதை டிஃப்யூஷன் படம் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். அப்படியிருக்க, சி.டி. எடுத்து ‘நார்மல்’ என்று எழுதி, பயத்தில் வருவது, தூங்கினால் சரியாகும் என்று வீட்டுக்கு அனுப்புவது என்ன வைத்தியம்? கண் தெரியவில்லை என்று அழுகிற பிள்ளைக்கு வந்தது பயமா? ரத்தத்தில் மருந்தின் அளவு (லெவல்) சரியாக இருக்கும்போதே பிரெஸ் வரக்கூடும், ஆகவே ‘லெவல் சரி’ என்பதும் பதிலாகாது. காலத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. அதனால்தான் இவ்வளவு ஆத்திரம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; புது மஜ்ஜை உடலையே தாக்கத் தொடங்கலாம். மாற்றுவதும் குறைப்பதும் சிகிச்சை செய்த பிரிவின் பொறுப்பு. வலிப்புக்கு ஃபெனிடாயின் தந்தால் லெவல் இறங்கும். பூஞ்சைக்கு வோரிகொனசோல் தந்தால் ஏறும். இங்குள்ள மருத்துவர்கள் இவற்றை எழுதித் தருமுன் வேலூருக்கோ சென்னைக்கோ ஒரு போன் போடுவது அத்தனை கௌரவக் குறைவா? வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது; கேள்விப்படவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மெத்தோட்ரெக்ஸேட், ஃபுளூடராபின் மருந்துகளின் பாதிப்புகள் பற்றித் தனிக் குறிப்பு வரும். சிறு பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுப்பது மருத்துவர் முடிவு.

பீங்கான் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் உறுப்பினர்களும் சரி, வீட்டில் இருப்பவர்களும் சரி, டிஸ்சார்ஜ் தாளின் நகலையும் சிகிச்சைப் பிரிவின் தொலைபேசி எண்ணையும் கையோடு வைத்திருங்கள். வலிப்பு வந்தால் 108-ஐ அழையுங்கள், பி.பி. பார்க்கச் சொல்லுங்கள், சி.டி.யோடு திருப்பி அனுப்பினால் எம்.ஆர்.ஐ. ஏன் வேண்டாம் என்பதை எழுதித் தரக் கேளுங்கள்.