கார்த்திகைப்பூ எந்த வேலியில் பூத்தது?

கார்த்திகை பிறந்துவிட்டால் கார்த்திகைப்பூவைப் பற்றிய கவிதைகளுக்குப் பஞ்சமில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் காந்தளே முதலாவது. தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுவே. விடுதலைப் புலிகள் தேசியப் பூவாக அறிவித்ததும் அதையே. பெருமைகளை எல்லோரும் ஒப்புவிப்பார்கள். கரவெட்டியில் அது எந்த ஒழுங்கையில், எந்த ஆண்டில் பூத்தது என்று கேட்டுப்பாருங்கள். விழிப்பார்கள்.

இதற்குப் பதில் சொல்லக்கூடியது கவிதையன்று, உலர்தாவரத் தாள். பூவும் இலையும் கூடிய கொடித்துண்டை அழுத்தி உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டி, எடுத்த இடம், திகதி, எடுத்தவர் பெயர் மூன்றையும் எழுதிவைப்பது. 1670களில் கொழும்பில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இருந்த போல் ஹேர்மன் அவ்வாறு சேர்த்த செடிகளைக் கொண்டே, லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். அச்சேகரம் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்நியன் அள்ளிப்போனான் என்று புலம்புவோருக்கு ஒன்று சொல்வேன்: அவன் கொண்டுபோனது ஒரு துண்டு. மிச்சக் கொடி நம் வேலியில்தான் இருந்தது. நாம் என்ன செய்தோம்?

நானும் குற்றவாளியே. இடமும் திகதியும் இல்லாத செய்தியை நிருபரிடமே திருப்பி அனுப்பியவன் நான். ஆயினும் இந்தப் பூவைப் பற்றி நான் எழுதிய எதிலும் இடமும் இல்லை, திகதியும் இல்லை.

கைப்பேசிப் படம் போதாதா என்கிறார்கள். படத்திலிருந்து மரபணுவை எடுக்க முடியாது. காந்தள் எங்கே அழியப்போகிறது என்றும் கேட்கிறார்கள். இலைநுனியைச் சுருட்டிப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி அது. கிளுவையும் பூவரசும் நின்ற வேலிகள் மதில்களாகிவிட்டால் எதைப் பற்றும்? தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கொல்சிசின் மருந்துக்காக இதைப் பயிரிடுகிறார்கள். அந்நடவுக்கான கிழங்கைக் காடுகளில் தோண்டியதால் காட்டுக் கொடிகள் அருகின. நம்மூரில் குறைந்ததா, கூடியதா? பழைய தாளோடு ஒப்பிட்டாலன்றி எவரும் சொல்ல முடியாது.

போர்க்காலத்தில் செடி சேகரிக்கவா முடியும் என்பது நியாயமான வாதம். 2009க்குப் பிறகு என்ன தடை?

கரவெட்டிப் பாடசாலைகளின் உயிரியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வரும் கார்த்திகையில் மாணவரோடு ஒழுங்கைகளில் நடவுங்கள். கிழங்கைத் தொடவேண்டாம், அது நஞ்சு, தோண்டினால் கொடியும் போய்விடும். பூத்த துண்டுகளை மட்டும் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் அழுத்துங்கள். ஒழுங்கையின் பெயரையும் திகதியையும் எழுதி, ஒன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கும் மற்றொன்றைப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்துக்கும் கொடுங்கள்.