பெயர் தமிழ்ப் பெயர்தான், வேலை யாருக்கு?



தேர்தல் வந்தால் போதும். ஐந்தாண்டாகக் கண்ணில் படாதவர்கள் அரிசி மூட்டையோடு வருவார்கள். "நம்ம ஆளை நாமே தோற்கடிக்கலாமா?" என்பார்கள்.

சுங்கை சிப்புட்டை நினைத்துப் பாருங்கள். 1974 முதல் 2008 வரை அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் நம்மவர் சாமிவேலு. அமைச்சரும் அவரே, ம.இ.கா. தலைவரும் அவரே. ஆனால் 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப்புகை வாங்கியது யார்? நாம்!

2008 மார்ச் 8-இல் அவரை வீழ்த்திய டாக்டர் ஜெயக்குமாரும் நம்மவர்தான். 1999-இலும் 2004-இலும் தோற்ற பிறகும் தொகுதியை விட்டு ஓடாதவர். மக்கள் பெயரைப் பார்க்கவில்லை, உழைப்பைப் பார்த்தார்கள்.

இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை. மற்ற இனத்தார் ஓட்டு இல்லாமல் நம்மவர் வெல்ல முடியாது. ஆனால் கடும் போட்டியில் நம் ஓட்டு சாயும் பக்கமே வெற்றி சாயும். அதுதான் நம் பலம்!

ஆகவே வாசலுக்கு வருபவர் மலாய்க்காரரோ, சீனரோ, தமிழரோ, கேளுங்கள்: அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு என்ன வழி? தமிழ்ப்பள்ளிக்கு நிலம் எங்கே? தோட்டத்தில் உழைத்தவருக்கு வீடு எங்கே? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கையெழுத்து மட்டும் போதாது. 2013-இல் இண்ட்ராப் வேதமூர்த்தி தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் செய்தார். துணையமைச்சரும் ஆனார். வாக்குறுதி நிறைவேறவில்லை என்று 2014-இல் பதவி விலகினார். அந்தப் பாடம் நமக்கும்தான்! காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தேர்தலில் அதே வாசலில் கணக்குக் கேளுங்கள்.

ஓட்டு நன்றிக்கடன் அல்ல. அது நம் உரிமை!