மணியும் தயிர் சாதமும்

கரையான்சாவடியில் எங்கள் எதிர் வீட்டு அக்காவுக்கு மூன்று குழந்தைகள், நாலாவது மணி. மணி நாய்தான். ஆனால் அக்காவிடம் அப்படிச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் ஒரு வாய்க் காப்பி குடித்துவிட முடியாது!

அந்த மணிக்குக் காய்ச்சல் வந்தது. சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் கசிந்ததும் அக்கா பதறிப் போனார். 1903-ம் ஆண்டிலிருந்து நடந்து வரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரத்தத்தைப் பார்த்த டாக்டர், "உண்ணிக் காய்ச்சல்" என்றார். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் தர வேண்டும். பாலில் மட்டும் தரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு வாரம் ஆயிற்று. மணி தேறவில்லை. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரையை எதில் வைத்துக் கொடுக்கிறீர்கள்?"

"பாலில் கொடுக்கவே இல்லை, டாக்டர்! தயிர் சாதத்தில்தான் பிசைந்து கொடுக்கிறேன். கூடவே கால்சியம் பவுடரும் ரத்தம் ஊற இரும்புச் சத்து டானிக்கும்!"

சிரிக்காதீர்கள், சகோதரிகளே. நம்மில் எத்தனை பேர் இதையே செய்திருப்போம்! தயிரும் பால்தானே? அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புச் சத்தும் அப்படியே. மருந்தில் ஒரு பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடும். மணி தேறாததற்கு இது ஒன்றே காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் முதலில் இதை மாற்றச் சொன்னார்.

அதற்காக வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டி வாந்தி வரும். இட்லித் துண்டிலோ, வேகவைத்த கோழிக் கறியிலோ பொதிந்து கொடுத்து, மேலே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். கறியில் வெங்காயம் கூடாது; அது நாய்க்கு விஷம். தயிரையும் டானிக்கையும் சில மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். வலிப்பு வரும் நாய்களுக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுப்பது உண்டு. அந்த நாய்க்குக் கருவாடும் அப்பளமும் போட்டால், உப்பு மிகுந்து மருந்து சிறுநீரோடு சீக்கிரமாக வெளியேறிவிடும். நின்ற வலிப்பு திரும்பி வரலாம். சரி, உப்பையே நிறுத்திவிடுவோம் என்று திடீரென நிறுத்தினாலோ மருந்து உடம்பில் தேங்கி, நாய் தள்ளாடும், தூங்கி வழியும். ஆகவே தினமும் ஒரே மாதிரிச் சாப்பாடு அவசியம். மாற்றுவதானால் டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள்.

எல்லா மருந்துக்கும் ஒரே விதி கிடையாது. பூஞ்சை நோய்க்கான இட்ராகோனசோல் காப்ஸ்யூல் சாப்பாட்டோடு போனால்தான் நன்றாகச் சேரும். தைராய்டு மாத்திரையோ, சாப்பாட்டோடு போனால் குறைவாகவே சேரும். ஆகையால் சீட்டு வாங்கும்போதே, "சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? எதோடு தரலாம், எதோடு தரக் கூடாது?" என்று கேட்டுவிடுங்கள். நாய் அன்றாடம் என்ன சாப்பிடுகிறது என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

மணி இப்போது வாசலில் நின்று தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது. தயிர் சாதமும் மீண்டும் கிடைக்கிறது. ஆனால் மாத்திரை இல்லாமல்!