பத்து வருஷம் ஓடியதெல்லாம் சரியான விடை ஆகிவிடாது



பொங்கலுக்கு வந்த தங்கை மகன் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். கணினியோடு இணைக்கும் கருவிகளுக்கு டிரைவர் எழுதுவது அவன் வேலை. "நான் சொல்றது சரின்னு தெரியும் மாமா. ஆனா ஆபீஸ்ல, பத்து வருஷமா ஓடுற புரோகிராம், தொடாதேங்கறாங்க" என்றான். நான் ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியன். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுடா என்றேன். இரண்டு நாள் ஆனது. புரிந்ததை எழுதுகிறேன். துறையில் இருப்பவர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள்.

ஒரு கருவி, பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேராக நினைவகத்தில் எழுதும், படிக்கும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று டிரைவர்தான் சொல்ல வேண்டும். அந்த இடம்தான் பஃபர்.

ஸ்டாக் என்பது வகுப்பறைக் கரும்பலகை மாதிரி. மணி அடித்தால் அடுத்த ஆசிரியர் அழித்துவிட்டு எழுதுவார். அங்கே டிஎம்ஏ பஃபர் வைக்காதே, கேமல்லாக் போன்ற வழியில் தனி இடம் வாங்கு என்று லினக்ஸ் ஆவணத்தில் பல ஆண்டுகளாகவே எழுதியிருக்கிறது. ஆனாலும் நான்கைந்து பைட்டுக்காக எதற்கு இடம் கேட்பானேன் என்று பலர் ஸ்டாக்கிலேயே வைத்தார்கள். கருவி முடிக்கும்வரை டிரைவர் காத்திருந்ததால் பலகை அழியவில்லை. ஓடியது.

2016 டிசம்பரில் லினக்ஸ் 4.9 வந்தது. 64 பிட் எக்ஸ்86 கணினிகளில் ஸ்டாக்கை வேறு விதமாக அமைத்தார்கள். எல்லை தாண்டினால் உடனே பிடிபடும்படி பக்கத்தில் ஒரு காவல் பக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஸ்டாக்கின் முகவரியை நேரடிக் கணக்குப் போட்டு நினைவகத்தின் உண்மை முகவரியாக மாற்றும் வழி அடைபட்டது. 'பெரியம்மா வீடு' என்றால் நமக்குப் புரியும்; தபால்காரருக்குக் கதவு எண் வேண்டுமே! யுஎஸ்பியில் செருகி டிவி பார்க்கும் கருவிகளின் டிரைவர்கள் பலவற்றைத் திருத்த வேண்டி வந்தது.

புது கர்னலுக்கு மாறும்போது இவனுக்கும் அதே சிக்கல். மேலே இருப்பவர் சொன்ன தீர்வு: அந்தப் புது ஸ்டாக் அமைப்பையே அணைத்துவிடு. அணைக்கவும் முடியுமாம். கையெழுத்து சரியில்லாத பையனுக்காகத் தேர்வையே நிறுத்துவது போல இருக்கிறது எனக்கு. ஒரு டிரைவருக்காக இயந்திரம் முழுவதுக்குமான காவலை எடுப்பதா? அதோடு நோய் தீரவும் தீராது. ஏஆர்எம் பலகைகள் பலவற்றில் கருவி எழுதுவது கேஷுக்குத் தெரியாது. பஃபரும் பக்கத்து மாறிகளும் ஒரே கேஷ் வரிசையில் இருந்தால், சம்பந்தமில்லாத மதிப்பு கெடும். எப்போதாவது கெடும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க மாதக்கணக்காகுமாம்.

அந்த அதிகாரி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பஃபரைக் கருவிக்கு ஒன்று என்று வைத்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுக்காமல் பூட்டுப் போட வேண்டும். பிழை வந்து பாதியில் திரும்பும் இடங்களிலும் பூட்டைத் திறக்க மறக்கக் கூடாது. அவசரத்தில் திருத்தினால் புதுத் தவறு வரும். பயம் புரிகிறது.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஸ்டாக்கில் பஃபர் வைத்தால் கத்திச் சொல்லும் டிஎம்ஏ சோதனை வசதி கர்னலிலேயே உண்டு. வேகம் குறையும் என்பதால் சாதாரணமாக அணைத்தே வைத்திருப்பார்கள். சரி, எழுதுகிறவன் மேஜையில் இருக்கும் கணினியிலாவது போட்டுவைக்க வேண்டாமா? இவன் அலுவலகத்தில் பத்து வருஷமாக ஒருவரும் போடவில்லை. விதியை எழுதி ஒட்டிவிட்டு நோட்டுத் திருத்தாத ஆசிரியரை நான் பார்த்திருக்கிறேன். (ஒரு வருஷம் நானே அப்படி இருந்தேன், அது வேறு கதை.)

"சோதனையைப் போட்டு ஓட்டி, வருகிற எச்சரிக்கையை அப்படியே அவர் முன் வை. வாதாடாதே" என்றேன். போய் அப்படியே செய்தானாம். மொத்தம் 31 இடம். நேற்று இரவு வரை 12 முடித்ததாகச் செய்தி அனுப்பியிருக்கிறான்.