தேய்ந்த கத்தியும் தேயாத சாதியும்

மடக்குச் சவரக்கத்தியால் தானே முகம் மழித்துக்கொள்ளும் ஆர்வம் நம் இளைஞர்கள் சிலரிடம் வந்திருக்கிறது. பிளாஸ்டிக் ரேசர்களைக் குப்பையில் போட்டுக்கொண்டே இருக்காமல் ஒரே கத்தியை ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு காரணம். காலையில் பத்து நிமிட நிதானம் கிடைக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் நல்ல காரணங்களே. நல்ல புதுக்கத்தி விலை அதிகம் என்பதால் பழைய கத்தியைத் தேடுகிறார்கள்.

புதுச்சேரியில் தேடினால் ஒன்று அகப்படக்கூடும். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம். பழைய சாமான் கடையில் இருக்கலாம். அதிக வாய்ப்பு, ஒரு காலத்தில் சலூன் நடத்திய பெரியவர் வீட்டில்தான். எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு பரவியபின் ஆளுக்கொரு புது பிளேடு மாட்டும் கத்தி சலூன்களில் வழக்கமாயிற்று. அதுவரை தீட்டித் தீட்டிக் குடும்பத்துக்குச் சோறு போட்ட கத்திகள் பரணுக்குப் போயின.

அப்படியொரு தேய்ந்த கத்தி கைக்கு வந்தால் முதலில் அதைப் பார்க்கத் தெரிய வேண்டும். மேலோட்டமான துரு தேய்த்தால் போய்விடும். வாய்ப்பகுதியில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ அது முகத்துக்கு ஆகாது. ஆனால் தேய்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள். இந்தக் கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படியும். கோணத்தைக் காப்பது முதுகுதான். அதனால் இரண்டும் சேர்ந்தே தேயும். நுனி முதல் அடிவரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், அது தேர்ந்த ஒரு கையில் பல ஆண்டுகள் இருந்த கத்தி.

மழுங்கியிருந்தால் 1000 எண் கல்லில் தொடங்கி 4000, 8000 என்று நுண்மையான கல்லுக்குப் போக வேண்டும். கல்லில் வாய் முன்னே செல்லும். பிறகு தோல்வாரில் முதுகு முன்னே செல்ல நாற்பது, ஐம்பது இழுப்பு. திருப்பும்போது முதுகின் மேல் திருப்புங்கள். மாற்றித் திருப்பினால் வாரும் போகும், கூரும் போகும். முகத்துக்கு வெந்நீர், சோப்பு நுரை. தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் வெட்டு நிச்சயம். முதல் சில வாரங்கள் கன்னங்களோடு நிறுத்துங்கள். மோவாயும் மேலுதடும் கடைசிப் பாடம். பழைய கத்தியைச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே தொட வேண்டும். ஒரு கத்தி ஒருவருக்குத்தான். ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் வழியே பரவும். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள். புதுச்சேரிக் கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது.

இவ்வளவும் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் நீங்கள் கீறிக்கொள்வது உங்கள் கன்னத்தை. சலூன்காரர் வேலை செய்தது அடுத்தவர் கன்னத்தில். ஊர்ப் பெரிய மனிதர் முகத்தில் ஒரு துளி ரத்தம் வந்தால் என்ன நடக்கும் என்ற அச்சத்தோடு. இத்தனை நுட்பமான வேலைக்கு நம் சமூகம் தந்த மரியாதை என்ன? "போய் சிரைக்கிற வேலையைப் பாரு" என்ற வசவு. முற்போக்கு பேசும் நம் மீம்களிலும் அந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. நாம் பிடித்தால் கலை, அவர் பிடித்தால் இழிதொழில் என்றால், அந்த இழிவு கத்தியில் இல்லை. நம் கண்ணில் இருக்கிறது.

மருத்துவர், நாவிதர், பண்டிதர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் இம்மக்கள் முடி மட்டும் திருத்தியவர்கள் அல்லர். கட்டியைக் கீறிப் புண்ணுக்கு மருந்திட்டவர்கள். கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் இவர்கள் வீட்டுப் பெண்கள். கூலி, அறுவடைக் களத்தில் அள்ளிப் போட்ட நெல். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இவர்கள் இல்லாமல் சடங்கு நடக்காது. சடங்கு முடிந்ததும் சமமாக உட்கார இடமிருக்காது.

இது கத்தியின் ஒரு பக்கம். மறுபக்கத்தில் தலித் மக்கள் நிற்கிறார்கள். ஒரு சாதி கத்தியைப் பிடித்தே ஆக வேண்டும். இன்னொரு சாதியின் முகத்தில் அந்தக் கத்தி படக்கூடாது. ஊர் சலூனில் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்ததற்காகத் தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளிலும் வன்கொடுமை வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. மறுத்தவர் குற்றவாளிதான், சந்தேகமில்லை. ஆனால் 'அவர்களுக்கு வெட்டினால் நாங்கள் வரமாட்டோம்' என்று பின்னால் இருந்து மிரட்டும் ஆதிக்கச் சாதியின் பெயர் பெரும்பாலும் வழக்கில் வருவதே இல்லை. மேலே இருப்பவரிடம் இழிவை வாங்கிக்கொண்டு கீழே இருப்பவரிடம் அதைத் தள்ளிவிடும் இந்த ஏற்பாட்டைத்தான் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்றார்.

முகத்து முடிகூட இந்த நாட்டில் சொந்த விஷயம் இல்லை. 2017இல் குஜராத்தில் காந்திநகர் அருகே லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பதிலுக்குத் தலித் இளைஞர்கள் மீசைப் படத்தை வாட்ஸ்அப் முகப்பாக வைத்தார்கள். 2015இல் திருத்தப்பட்ட எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பதையும் மீசையை மழிப்பதையும் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் எழுதும் அளவுக்கு இங்கே சவரக்கத்தி சாதியின் ஆயுதமாக இருந்திருக்கிறது.

புதுச்சேரிக்கு இது புரியும். வைசியாள் வீதி, செட்டி வீதி என்று சாதிப் பெயரோடே தெருக்கள் நிற்கும் ஊர் இது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். பாரிஸ் வரை வழக்காடி வென்றார். உடம்பில் எதை வைத்துக்கொள்வது என்பதை அவரவரே முடிவு செய்ய, வேளாளராகப் பிறந்த வழக்கறிஞருக்கே அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. சேரியில் பிறந்தவருக்கு எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள்.

கத்தி எதிர்ப்பின் கருவியாகவும் இருந்திருக்கிறது. பார்ப்பன விதவைகளுக்கு மொட்டையடிக்க மாட்டோம் என்று 1890இல் பம்பாய் முடிதிருத்தும் தொழிலாளர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். அவர்களைத் திரட்டியவர் ஜோதிராவ் புலேவின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே. அதற்கும் வெகுகாலம் முன்பு, சாக்கிய இளவரசர்கள் புத்தரிடம் துறவு ஏற்க வந்தபோது, தங்கள் குலச்செருக்கு அழியட்டும் என்று, கூட வந்த நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு தரச் சொன்னார்கள். முந்தித் துறவு ஏற்றவரைப் பிந்தியவர்கள் வணங்க வேண்டும் என்பது சங்க விதி. அந்த உபாலியே பின்னாளில் சங்கத்தின் ஒழுக்க விதிகளுக்கு அதிகாரியானார். பிக்கு வைத்துக்கொள்ளக்கூடிய எட்டுப் பொருள்களில் சவரக்கத்தியும் ஒன்று. சங்கத்துக்குள் கத்தி ஒரு சாதியின் கையில் இல்லை. எல்லோர் கையிலும் இருந்தது.

ஆகவே கத்தியைப் பழகுங்கள் தோழர்களே. ஆனால் 'பாரம்பரியக் கலை அழிகிறதே' என்று மட்டும் புலம்பாதீர்கள். உங்களுக்கு இது விருப்பம். பிடிக்காவிட்டால் நாளைக்கே கீழே வைத்துவிடலாம். அவருக்குப் பிறப்போடு கட்டி வைத்த வேலை. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்றபோது பெரியார் எதிர்த்தது இந்தக் கட்டைத்தான். 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் முடிதிருத்தமும் ஒன்று. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லித் தமிழ்நாடு அரசு அதை அந்த வடிவில் ஏற்க மறுத்தது சரியான முடிவு. கலை வாழ வேண்டுமானால் விரும்பிய யாரும் அதைக் கற்கலாம், விரும்பாத யாரும் அதை விடலாம் என்ற நிலை வர வேண்டும்.

அந்த நிலைக்கு நம்மால் ஆனது என்ன? தீட்டத் தெரிந்த பெரியவரிடம் போங்கள். 'சும்மா சொல்லிக்கொடுங்க' என்று கேட்காமல், கற்றுத்தருபவருக்குரிய கட்டணம் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். அவரை வயதுக்குரிய மரியாதையோடு அழையுங்கள். 'சிரைக்கிறது' என்ற வசவை இன்றோடு வாயிலிருந்தும் மீமிலிருந்தும் எடுத்துவிடுங்கள். சொந்த ஊருக்குப் போகும்போது அங்குள்ள சலூன் நாற்காலியில் சேரி இளைஞர் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் சலூன்காரரோடு நிறுத்தாமல், அவரை மிரட்டுகிற உங்கள் சொந்தக்காரர்களிடம் பேசுங்கள். கன்னத்தில் விழும் கீறல் இரண்டு நாளில் ஆறிவிடும். சொந்தக்காரரோடு போடும் சண்டை அவ்வளவு சீக்கிரம் ஆறாது. ஆனாலும் போட்டே ஆக வேண்டும்.