தடைக்காலத்தில் வெளுக்கும் பார்

ஏப்ரல் 15ஆம் தேதி தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கட்டிப்போடப்படுகின்றன. ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் சினைப்படும் பருவத்தில் கடலைச் சற்று விட்டுவைக்கும் ஏற்பாடு இது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்கள், சட்டம் சொல்லாமலேயே இதைவிடக் கண்டிப்பாக நடந்துகொள்கிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களில்தான் இறங்குவார்கள். கோடையில் நிறுத்திவிடுவார்கள். விரல்களில் துணியும் ரப்பரும் சுற்றி, சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையை மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்தெடுப்பவர்கள் அவர்கள். இரும்பால் சுரண்ட வேண்டாம் என்பது அவர்களே தங்களுக்குள் பேசி எடுத்த முடிவு. அடி தங்கினால்தான் பாசி மறுபடி தழைக்கும் என்பதை எந்த அதிகாரியும் வந்து அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

கடலுக்கு ஓய்வு கொடுத்த இதே மாதங்களில்தான் பவளப் பார்கள் வெளுக்கின்றன. வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் இன்னும் எடுக்காத நாட்களில் கடல் அசைவற்றுக் கிடக்கும். தீவுகளைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த நீர் வெயிலை வாங்கி 31 டிகிரியைத் தாண்டும். பவள உயிரியின் சதைக்குள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துத் தரும் நுண்பாசிகள் அந்தச் சூட்டில் வெளியேற்றப்படுகின்றன. பவளத்துக்கு நிறம் கொடுத்தவையும் அதன் உணவில் பெரும்பங்கைக் கொடுத்தவையும் அவைதான். அவை போனபின், கண்ணாடி போன்ற சதைக்கு அடியில் சுண்ணாம்பு எலும்பு வெள்ளை வெளேரென்று தெரியும். பவளம் அப்போதும் உயிரோடுதான் இருக்கிறது, பட்டினியில். சில வாரங்களில் நீர் தணிந்தால் நுண்பாசிகள் திரும்பிவரும். தணியாவிட்டால் வெள்ளையின் மேல் பழுப்பும் பச்சையுமாக இழைப்பாசி படரும். அதன்பிறகு அது வெறும் கல்.

அந்தக் கல்லுக்காகவே ஒரு காலத்தில் பார்களை வெட்டினோம். தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளம் தோண்டப்பட்டது. வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போயின. வான்தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பார்களை இறக்க வேண்டிவந்தது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம், 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் என்று பாதுகாப்பு ஏட்டில் ஏறிக்கொண்டே வந்தது. ஆனால் தோண்டுவது நின்றது 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகுதான். பாரும் தீவும் முன்னால் நின்று அலையின் வேகத்தைக் குறைத்ததைக் கரையோர மக்கள் உணர்ந்ததும் அதற்கு ஒரு காரணம். கை எடுத்ததும் பார் தேறியது. 2005க்கும் 2009க்கும் இடையில் உயிருள்ள பவளத்தின் பரப்பு கூடியது. விட்டுவைத்தால் கடல் தன்னைத் தேற்றிக்கொள்ளும் என்பதற்கு நம் கரையிலேயே கிடைத்த சான்று அது.

பிறகு 2010 வந்தது. கடல் சூடேறிப் பெரும் வெளுப்பு. 2016இல் இன்னொன்று. அந்த ஒரே ஆண்டில் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குச் சரிந்தது. 2024இல் மறுபடியும். இதற்கெல்லாம் முந்தைய பெரும் வெளுப்பு 1998இல். அதற்கும் அடுத்ததற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டு கிடைத்தது. பின்னர் ஆறு, அதன்பின் எட்டு. இடைப்பட்ட கோடைகளிலும் சிறிய வெளுப்புகள் தப்பவில்லை. கடுமையாக அடிபட்ட பார் பழைய நிலைக்கு வரப் பத்தாண்டாவது வேண்டும். புவி வெப்பமாதல் என்றதும் எத்தனை டிகிரி என்றே பேசுகிறோம். நாம் அஞ்ச வேண்டியது அதன் வேகத்துக்கு. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே தேறுவதற்கான அவகாசத்தை அந்த வேகம் பறித்துக்கொள்கிறது.

அந்த வேகம் கூடியும் வருகிறது. 1970களுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி என்றிருந்த வெப்ப ஏற்றம், 2015 முதல் 2024 வரையான பத்தாண்டில் 0.27ஐ எட்டியது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2024 ஏறத்தாழ 1.55 டிகிரி சூடாக இருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. புவியில் சேரும் மிகை வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. 1.5 டிகிரியில் உலகப் பவளத் திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடு அழியும், 2 டிகிரியில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2018லேயே எழுதிவிட்டது. 2023இல் தொடங்கிய உலகளாவிய வெளுப்பு, பவளத் திட்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தொட்டது. புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினரின் கணிப்பு நம் வாசலுக்கே வருகிறது: இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்குச் சராசரி 20 நாளாக இருந்த கடல் வெப்ப அலை, கரியுமிழ்வு இப்படியே தொடர்ந்தால் இந்த நூற்றாண்டின் முடிவில் 220 முதல் 250 நாள் நீடிக்கும். நாம் கடலுக்குக் கொடுக்கும் ஓய்வோ 61 நாள்.

தூத்துக்குடி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் பொருத்திக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். அரிய உழைப்பு, அதற்கு இன்னும் கூடுதல் நிதி தரப்பட வேண்டும். ஆனால் நட்ட பவளமும் அதே நீரில்தான் வாழ வேண்டும். நீர் கொதித்தால் அதுவும் வெளுக்கும்.

அந்தப் பவள நாற்றங்கால் இருக்கும் கரையிலேயே, 1979இல் உற்பத்தியைத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையம் கடல்நீரை எடுத்து, சூடாக்கி, கடலிலேயே விட்டுவந்திருக்கிறது. அதற்குத் தெற்கே உடன்குடியில் 1,320 மெகாவாட்டுக்குப் புதிய நிலக்கரி நிலையம். வளரும் நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா, இருநூறு ஆண்டு கரியை எரித்துப் பணக்காரரான நாடுகள் முதலில் நிறுத்தட்டும் என்பார்கள். அந்த நாடுகளின் கடன் பெரிது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. இந்தியாவின் தனிநபர் உமிழ்வு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த நியாயத்தைப் பாசி எடுக்கும் பெண்ணின் முன் வைத்துப் பார்க்க வேண்டும். எதையும் எரிக்காமல் மூச்சை அடக்கிப் பிழைப்பவர் அவர். பார் செத்தால் பாசியும் மீனும் குறைந்து முதலில் வருமானம் இழப்பவரும் அவர்தான். அவர் பெயரால் நிலக்கரிக்கு வாதாட யாருக்கும் உரிமையில்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. மே கடைசியில் எடுத்துக் கடலைக் கலக்கிக் குளிர்விக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்தப் பருவத்தில் கிடைக்கும் மின்சாரத்தை முழுதாக எடுத்துக்கொள்ளாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்கச் சொல்லும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். காற்று தரும் மின்சாரத்தைக் கொண்டுசெல்லக் கம்பித்தடங்களும், தேக்கிவைக்கச் சேமிப்பு நிலையங்களும் வேண்டும். அரசின் பணம் முதலில் அங்கே போகட்டும். கரையிலிருந்து கடலுக்குள் வெந்நீர் விடுவது, குறைந்தபட்சம் ஏப்ரல் முதல் ஜூன் வரையாவது, நிற்க வேண்டும். கடல் சூடேறும் வாரங்களில் புயல் எச்சரிக்கை போலக் கடல் வெப்ப எச்சரிக்கையும் ஊர்தோறும் தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். அதனால் தொழில் நின்றால் பாசி எடுக்கும் பெண்களுக்கும் நிவாரணம் சேர வேண்டும். உடன்குடியில் இதற்கு மேல் ஒரு கொதிகலன்கூடக் கூடாது.